மூடியில் ஒரு துளை

மதுரையில் பெரிய தெப்பக்குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சாயப்பட்டறை. சுங்குடிக்கு முடிச்சுப் போடப் போகும் துணியை முதலில் வெளுத்து எடுக்கிற இடம். போன சித்திரையில் வீட்டுக்குத் துணி எடுக்கப் போனவன், துணியை மறந்துவிட்டுச் சுவரோரம் வரிசையாக நின்ற வெள்ளை கேன்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹைட்ரஜன் பெராக்சைடு, 50 சதவீதம் என்று ஒட்டியிருந்தது. பட்டறைக்கார அண்ணன் ஒரு கேனின் மூடியைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. அதன் அடியில் காகிதம் மாதிரி மெல்லிய ஒரு வில்லை. காற்று வெளியே போகும், தண்ணீர் சிந்தாது.

"இது மூச்சு விடுற சாமான் தம்பி. வாயை அடைச்சா வயிறு உப்பிப்போயி நிக்கும்."

ஒரு தடவை மூடி தொலைந்துபோய், வேலைக்கு வந்த பையன் எண்ணெய் கேன் மூடியை எடுத்து இறுக்கித் திருகி வைத்துவிட்டானாம். சாயங்காலம் வந்து பார்த்தால் கேன் பூசணிக்காய் மாதிரி உருண்டு நின்றிருக்கிறது. ஈரச் சாக்கைப் போர்த்தி, ஆளை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, மூடியை நூல் நூலாகத் தளர்த்தினேன் என்றார். சொல்லும்போது தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கும் அவை வெள்ளையாகத்தான் இருந்தன. 50 சதவீதப் பெராக்சைடு தோலில் பட்டால் அப்படித்தான் வெளுக்கும், கொஞ்ச நேரம் எரியும்.

பிறகு ஒரு வேட்டித் துணியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நட்டநடுவில் ஊசி குத்தியது போல நாலைந்து ஓட்டைகள். பூச்சி அரித்தது இல்லை. குழாயிலிருந்து ஒரு பொட்டு இரும்புத் துரு உதிர்ந்து துணியில் ஒட்டியிருக்கிறது. வெளுப்புத் தொட்டியில் இறங்கியதும் அந்தத் துரு இருந்த இடத்தில் மட்டும் பெராக்சைடு வெறி பிடித்தாற்போல் உடைந்து நூலையே தின்றுவிட்டது. அதனால்தான் தொட்டி எல்லாம் எவர்சில்வர். இரும்பு வாளி இந்தப் பக்கம் வரவே கூடாது.

அந்த மூடித் துளையும் இந்தத் துரு ஓட்டையும் ராக்கெட் எரிபொருள் ஆராய்ச்சியில் இன்றைக்கும் தீராத இரண்டு தலைவலிகள். விஷமில்லாத, தொட்டியில் வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கிற, கையாள ஆபத்தில்லாத எரிபொருள் வேண்டும் என்று பல நாடுகள் தேடிக்கொண்டிருக்கின்றன. தேடலில் அடிக்கடி அகப்படும் பொருள்களில் ஒன்று இந்தப் பெராக்சைடுதான். கொஞ்சம் செறிவு கூட்டினால் போதும், துணி வெளுக்கிற திரவம் செயற்கைக்கோளைத் தள்ளும்.

ராக்கெட் என்றதும் ஸ்ரீஹரிகோட்டாவில் நெருப்பைக் கக்கிக்கொண்டு எழும்புவதுதான் நம் கண்ணுக்கு வருகிறது. அந்த ஆரவாரம் சில நிமிஷ வேலை. மேலே போனபின் செயற்கைக்கோளைத் திருப்புவது, பாதை விலகினால் சரி செய்வது, குப்பை மோதவந்தால் ஒதுங்குவது, ஆயுள் முடிந்ததும் கீழே இறக்குவது எல்லாம் சின்ன எஞ்சின்களின் பாடு. அவற்றில் பல வெறும் 1 நியூட்டன் விசை தருபவை. உள்ளங்கையில் ஒரு நடுத்தரத் தக்காளியை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. அந்தத் தக்காளி அழுத்தம் பத்து வருஷம், பதினைந்து வருஷம், ஆயிரக்கணக்கான தடவை, கேட்ட நொடியில் கிடைக்க வேண்டும். பழுது பார்க்க ஆள் போக முடியாது.

மங்கள்யான் நல்ல உதாரணம். 2013 நவம்பரில் கிளம்பிய அந்தக் கலத்தின் எடை சுமார் 1,340 கிலோ. அதில் 850 கிலோவுக்கு மேல் எரிபொருளும், அது எரிய ஆக்சிஜன் தருகிற ஆக்சிஜனேற்றியும்தான். அதன் 440 நியூட்டன் எஞ்சின் பூமியை விட்டுப் புறப்பட்டபின் ஏறத்தாழ 300 நாள் தூங்கியது. 2014 செப்டம்பர் 22-ஆம் தேதி 4 விநாடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். எரிந்தது. 24-ஆம் தேதி செவ்வாயைச் சுற்றத் தொடங்கிவிட்டது. திரவ ஆக்சிஜனை வைத்து இதைச் செய்ய முடியாது. அது மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கிற பொருள், பத்து மாதம் தொட்டியில் காத்திருக்காது. மங்கள்யானில் இருந்தது மோனோமெத்தில் ஹைட்ரசீனும் நைட்ரஜன் டெட்ராக்சைடும். அறை வெப்பத்தில் திரவம், ஒன்றையொன்று தொட்டதும் தானாகத் தீப்பிடிக்கும். பற்றவைக்கத் தனிக் கருவிகூட வேண்டாம்.

வேலைக்கு இதைவிடத் தங்கமான ஜோடி கிடையாது. ஆளுக்கு இதைவிட எமனும் கிடையாது.

ஹைட்ரசீன் குடும்பத்தின் தலைமகன் வெறும் ஹைட்ரசீன். பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும், உறைவதும் ஏறத்தாழ 2 டிகிரியில். தனியாகவே எஞ்சினை ஓட்டும்: அலுமினா மணிகள்மேல் இரிடியம் பூசிய வினையூக்கிப் படுகையில் விழுந்தால் உடைந்து அம்மோனியா, நைட்ரஜன், ஹைட்ரஜன் என்று சூடான வாயுவாகப் பீறிடும். மோசம் எங்கே என்றால், அமெரிக்கத் தொழிலிடச் சட்டப்படி காற்றில் அது பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது. மூக்குக்கு மீன் கவிச்சி மாதிரி அதன் வாடை தெரிவதோ 3, 4 பங்கு வந்த பிறகு. வாடை அடிக்கிறதே என்று நினைக்கும்போதே அளவுக்கு மேல் உள்ளே போயிருக்கும். ஈரல், நரம்பு, நுரையீரல் மூன்றையும் தாக்கும். புற்றுநோய் உண்டாக்கும் என்ற பட்டியலிலும் இருக்கிறது. அதை நிரப்புகிறவர்கள் தலை முதல் கால் வரை மூடிய, காற்றுக் குழாய் பொருத்திய உடையோடு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஏவுதள வளாகத்தில் மற்ற வேலை எல்லாம் நிற்கும்.

அதன் கூட்டாளி நைட்ரஜன் டெட்ராக்சைடும் லேசுப்பட்டதல்ல. 1975 ஜூலையில் அமெரிக்காவும் சோவியத்தும் சேர்ந்து நடத்திய அப்போலோ–சோயுஸ் பயணம் முடிந்து கடலில் இறங்கும்போது அந்தச் செம்பழுப்புப் புகை கலத்துக்குள் புகுந்தது. மூன்று அமெரிக்க வீரர்களும் அதைச் சுவாசித்தார்கள், ஒருவர் மயங்கியே விட்டார். ஹொனலுலுவில் மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று. 2008 பிப்ரவரியில் செயலிழந்து விழவிருந்த உளவுச் செயற்கைக்கோள் ஒன்றை அமெரிக்கா ஏவுகணையால் சுட்டு உடைத்தது. தொட்டியில் உறைந்துகிடந்த சுமார் 450 கிலோ ஹைட்ரசீன் ஊருக்குள் விழக் கூடாது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். வேறு காரணமும் இருந்திருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் இந்தக் காரணமே உலகம் ஒப்புக்கொள்ளும்படி இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நாற்கரச் சாலையில் பணகுடி தாண்டும்போது வலப்பக்கம் தெரிகிற மலை மகேந்திரகிரி. இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் அதன் அடிவாரத்தில்தான். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கை ஓட்டும் விகாஸ் எஞ்சின்கள் அங்கேதான் சோதித்துப் பார்க்கப்படுகின்றன. அந்த ஓர் அடுக்கில் மட்டும் 40 டன்னுக்கு மேல் எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் போகும். எரிபொருளின் பெயர் யு.எச்.25: 75 பங்கு ஹைட்ரசீன் வகை ஒன்று, 25 பங்கு ஹைட்ரசீன் ஹைட்ரேட். இதை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் இஸ்ரோவுக்கும் உண்டு. மண்ணெண்ணெய்–திரவ ஆக்சிஜன் எஞ்சினின் முக்கியப் பகுதியை 2025 மார்ச் 28-ஆம் தேதி அதே மகேந்திரகிரியில் எரித்துச் சோதித்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் பிறந்த அக்னிகுல் நிறுவனமும் விமான எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் என்ற வழியில்தான் 2024 மே 30-ஆம் தேதி தன் சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. தரையிலிருந்து தூக்குகிற பெரிய எஞ்சினுக்கு இது நல்ல விடை. கொரோனா இரண்டாம் அலையில் மகேந்திரகிரியிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு டேங்கர் டேங்கராகப் போனதும் இதே திரவ ஆக்சிஜன்தான், அதில் விஷத்துக்கு இடமே இல்லை. ஆனால் அது வைத்திருக்க முடியாத பொருள். மேலே பத்து வருஷம் காத்திருக்கும் தக்காளி எஞ்சினுக்கு உதவாது.

இந்த இடத்தில் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விஷமற்றது, சேமிக்கத்தக்கது, பாதுகாப்பானது. "பசுமை எரிபொருள்" என்ற ஒரே பெயர்ப்பலகையின் கீழ் மூன்றையும் எழுதிவிடுகிறார்கள். படிப்பவர்கள் மூன்றும் சேர்ந்தே வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வராது.

சிவகாசிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புரியச் சிரமம் இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னபின் பசுமைப் பட்டாசு வந்தது. நாக்பூரின் நீரி ஆய்வகம் கலவை தந்தது. புகைத்தூசு குறைந்தது 30 சதவீதம் மட்டுப்பட வேண்டும் என்பது கணக்கு. பட்டாசு வெடிக்கிற தெருவுக்கும் அந்தக் குழந்தையின் நுரையீரலுக்கும் அது நல்லது. பட்டாசு ஆலையில் மணி மருந்து அலசுகிற அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு? அங்கே உராய்வும் வெயிலும் ஈரமும்தான் எமன். மருந்து உராய்ந்தால் அது பசுமையா பழசா என்று பார்த்துப் பற்றுவதில்லை. (வெடிக்கிற பொடிக்கு நாம் "மருந்து" என்றே பேர் வைத்திருக்கிறோம். யோசித்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.) மூச்சுக்குள் போகிற ஆபத்து வேறு, பாத்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கிற ஆபத்து வேறு. எரிபொருள் ஆராய்ச்சியின் கடந்த முப்பது வருஷக் கதையை இப்படிச் சொல்லலாம்: ஆபத்தை நுரையீரலிலிருந்து எடுத்துத் தொட்டிக்கும் குழாய்க்கும் எஞ்சின் சுவருக்கும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அது நல்ல மாற்றம்தான் என்பது என் கட்சி. ஆபத்து தொலைந்தது என்று மட்டும் சொல்லக் கூடாது.

புதிய எரிபொருள்களில் முன்னால் நிற்பவை இரண்டு உப்புகள். முதலாவது அம்மோனியம் டைனைட்ரமைடு, சுருக்கமாக ஏ.டி.என். 1971-இல் சோவியத் வேதியியலர்கள் கண்டுபிடித்து, ஏவுகணைக்கு ஆகும் என்பதால் ரகசியமாகவே வைத்துக்கொண்டார்கள். 1980-களின் கடைசியில் அமெரிக்கர்கள் தாங்களாகவே மறுபடி கண்டுபிடித்தார்கள். ஸ்வீடன்காரர்கள் அந்த உப்பைத் தண்ணீர், மெத்தனால், அம்மோனியாவோடு கலந்து எல்.எம்.பி.-103எஸ் என்ற திரவம் செய்தார்கள். 2010 ஜூனில் கிளம்பிய அவர்களுடைய பிரிஸ்மா செயற்கைக்கோளில் ஹைட்ரசீன் எஞ்சினும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மாமியார் மருமகள் மாதிரி ஒரே வீட்டில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புதியதை நிரப்ப அந்த முழு உடை தேவைப்படவில்லை.

ஒப்பீட்டை எப்படி அளப்பது? ராக்கெட்காரர்கள் ஐ.எஸ்.பி. என்று ஒரு எண் சொல்வார்கள், விநாடியில். ஒரு கிலோ எரிபொருள், ஒரு கிலோ எடையைத் தாங்கும் விசையை எத்தனை விநாடிக்குத் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரசீன் 230-ஐ ஒட்டி. எல்.எம்.பி. அதைவிட 6 சதவீதம் போல அதிகம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அதன் அடர்த்தி ஹைட்ரசீனைவிட ஏறக்குறைய கால் பங்கு கூட. ஒரே அளவு தொட்டியில் சுமார் 30 சதவீதம் அதிக வேலை வாங்கலாம். லாரியில் பஞ்சு ஏற்றுவதற்கும் செங்கல் ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம். சின்னச் செயற்கைக்கோளில் கிலோவைவிட இடத்துக்குத்தான் பஞ்சம்.

இரண்டாவது உப்பு ஹைட்ராக்சில் அம்மோனியம் நைட்ரேட், ஹான். அமெரிக்க விமானப்படை ஆய்வகம் இதை வைத்துச் செய்த கலவைக்கு இப்போது அசென்ட் என்று பெயர். 2019 ஜூன் 25-ஆம் தேதி நாசா இதற்கென்றே ஒரு செயற்கைக்கோளை அனுப்பிச் சோதித்தது. தொட்டி அளவுக்குக் கணக்குப் பார்த்தால் ஹைட்ரசீனைவிடப் பாதி மடங்கு அதிகம் தருகிறது. உறையவும் உறையாது, மைனஸ் 80 டிகிரிப் பக்கம் கண்ணாடி மாதிரி இறுகும், சூடு வந்தால் பழையபடி ஓடும். ஹைட்ரசீன் தொட்டிக்கு எப்போதும் ஹீட்டர் போட்டுவைக்க வேண்டிய தொல்லை இதில் இல்லை. இந்தியாவிலும் சும்மா இல்லை. பெங்களூரு பெல்லாட்ரிக்ஸ் நிறுவனம் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்ப நிதியோடு செய்த பசுமை எஞ்சின், 2024 ஜனவரி 1-ஆம் தேதி கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-58-இன் கடைசி அடுக்கில் சவாரி செய்து விண்வெளியில் எரிந்து காட்டியது. மும்பை ஐ.ஐ.டி.யிலிருந்து கிளம்பிய மனஸ்து என்ற நிறுவனம் பெராக்சைடு வழியைப் பிடித்திருக்கிறது.

சரி, விலை என்ன? இங்கேதான் ஆபத்து இடம் மாறிய கதை தெரியும். ஹைட்ரசீன் வினையூக்கியில் விழுந்ததும் உடைகிற சாது. இந்த உப்புக் கலவைகளுக்கு வினையூக்கியை முதலில் 300, 400 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும். கல் காயாமல் தோசை ஊற்றுகிற கதை ஆகிவிடக் கூடாது. ஒரு ஷூப்பெட்டி அளவுள்ள செயற்கைக்கோளுக்கு அந்த ஹீட்டர் மின்சாரமே பெரிய செலவு. எரியத் தொடங்கியபின் ஹைட்ரசீன் எஞ்சின் ஆயிரம் டிகிரிக்குள் நிற்கும். இவை 1,600, 1,800 என்று போகும். சாதாரண உலோகக் கலவை தாங்காது, இரிடியமும் ரீனியமும் வேண்டும். தங்க நகைக் கடை வாசலில் நிற்கிற மாதிரியான விலை.

ஹானுக்கு இன்னொரு குணம். அதிலிருக்கும் தண்ணீர்தான் அதன் கடிவாளம். தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டால் அது தானே உடையத் தொடங்கும். கொஞ்சம் இரும்பு கரைந்திருந்தால் இன்னும் சீக்கிரம். 1997 மே மாதம் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு அணு வளாகத்தில், ராக்கெட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல், புளூட்டோனியம் பிரிக்க வைத்திருந்த ஹான்–நைட்ரிக் அமிலக் கரைசல் ஒரு தொட்டியில் மாதக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. தண்ணீர் மெல்ல ஆவியாகிக் கரைசல் இறுகி, ஒருநாள் தொட்டி வெடித்தது. தெப்பக்குளத்து அண்ணனின் இரும்பு வாளி என் நினைவுக்கு வந்தது இதைப் படித்தபோதுதான்.

விஷமோ வெடிப்போ இல்லாமல் வேறு விதமாகவும் கழுத்தறுக்கும். நாசாவின் லூனார் ஃபிளாஷ்லைட் என்ற சிறு கலம் 2022 டிசம்பர் 11-ஆம் தேதி நிலவுக்குக் கிளம்பியது. அசென்ட் எரிபொருள், நான்கு குட்டி எஞ்சின்கள். போன கொஞ்ச நாளிலேயே மூன்று சரியாகத் தள்ளவில்லை. முப்பரிமாண அச்சில் வார்த்த எரிபொருள் பாதைக்குள் உலோகத் துகள் அடைத்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். நிலவைச் சுற்ற முடியாமலே 2023 மே மாதம் ஆட்டம் முடிந்தது. எரிபொருள்மேல் பழி இல்லை. ஆனாலும் புது எரிபொருள் வந்தால் குழாய், வால்வு, வார்ப்பு எல்லாமே புதிதாகப் பிறக்க வேண்டியிருக்கிறது. ஹைட்ரசீனுக்கு அறுபது வருஷ அனுபவம் பின்னால் நிற்கிறது. அதைத் தூக்கியெறிய இன்ஜினியர்கள் தயங்குவதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

ராக்கெட் செய்து பார்க்கிற கல்லூரிப் பையன்கள் பலருக்குப் பிடித்தது வேறொன்று: நைட்ரஸ் ஆக்சைடு. ஆபரேஷன் தியேட்டரில் நீல சிலிண்டரில் இருக்கும் சிரிப்பு வாயு. விஷம் என்று சொல்ல முடியாது, சிலிண்டரில் திரவமாக வைக்கலாம், தன் அழுத்தத்திலேயே தானாகப் பாயும், பம்ப் வேண்டாம். 2004-இல் தனியார் பணத்தில் முதன்முதலாக மனிதனை விண்வெளி விளிம்புக்குக் கொண்டுபோன ஸ்பேஸ்ஷிப்ஒன் இதையும் ரப்பரையும் எரித்துத்தான் போனது. நியூசிலாந்தின் டான் நிறுவனம் இதோடு புரோப்பீன் வாயுவைச் சேர்த்துச் செயற்கைக்கோள் எஞ்சின் விற்கிறது.

மதுரையில் இதற்கு ஒரு சங்கடம் உண்டு. நைட்ரஸ் ஆக்சைடு 20 டிகிரியில் 50 பார் அழுத்தத்தில் ஒழுங்கான திரவம் (1 பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 36.4 டிகிரி அதன் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் என்ன அழுத்தம் கொடுத்தாலும் திரவமாக நிற்காது, திரவமும் வாயுவும் ஒன்றாகக் கலந்த ஒரு நிலைக்குப் போய்விடும். எல்லைக்கோட்டிலேயே அழுத்தம் 72 பார். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு வருகிற அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் நிழலிலேயே 40 டிகிரி அடிக்கும். தகரக் கொட்டகைக்குள் இருக்கும் சிலிண்டரின் கதியைச் சொல்ல வேண்டாம். குளிர்நாட்டில் எழுதிய வடிவமைப்புக் குறிப்பில் "அறை வெப்பத்தில் சேமிக்கலாம்" என்று இருந்தால், யாருடைய அறை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நைட்ரஸ் தானாகவும் வெடித்துச் சிதையக்கூடியது. 2007 ஜூலை 26-ஆம் தேதி கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், நெருப்பே இல்லாமல் நைட்ரஸை வால்வு வழியே பாயவிட்டுப் பார்த்த ஒரு சோதனையில் தொட்டி வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அன்றும் நல்ல வெயில்.

மறுபடி பெராக்சைடுக்கு வருகிறேன். உண்மையில் இதுதான் மூத்தவள். 1930-களில் ஜெர்மனியில் ஹெல்முட் வால்டர் 80 சதவீதப் பெராக்சைடை வைத்து எஞ்சின்கள் செய்தார். வி-2 ஏவுகணையின் பம்புகளைச் சுழற்றியது அதன் நீராவிதான். அமெரிக்காவின் மெர்க்குரி கலங்களை விண்வெளியில் திருப்பியது இது. 1971 அக்டோபர் 28-ஆம் தேதி பிரிட்டன் தன் பிளாக் ஆரோ ராக்கெட்டால் ஒரு செயற்கைக்கோளை ஏற்றியபோது எரிந்தது பெராக்சைடும் மண்ணெண்ணெயும். 1960-களில் ஆள் முதுகில் கட்டிக்கொண்டு பறந்த ராக்கெட் பையும் இதனால்தான் பறந்தது, வெறும் 21 விநாடி. 90 சதவீதப் பெராக்சைடு ஒரு லிட்டரை வெள்ளிக் கம்பி வலைமேல் விட்டால் 750 டிகிரியில் ஐயாயிரம் லிட்டருக்கு மேல் நீராவியும் ஆக்சிஜனுமாக விரியும். வெளியே வருவது அவ்வளவுதான், தண்ணீரும் காற்றும். இதைவிடச் சுத்தமான புகை உண்டா?

பிறகு ஏன் ஹைட்ரசீன் வந்து இதை ஓரங்கட்டியது? ஒன்று, ஐ.எஸ்.பி. குறைவு, 170, 180 விநாடிதான். பெரிய காரணம் அந்த மூடித் துளை.

ஒரு கணக்குப் போடுவோம். 9 லிட்டர் தொட்டியில் 90 சதவீதப் பெராக்சைடு 10 கிலோ ஊற்றுகிறோம். அது சுமார் 7.2 லிட்டர் இடம் பிடிக்கும், மேலே 1.8 லிட்டர் காலி. சுத்தமான தொட்டியில் வருஷத்துக்கு 1 சதவீதம் தானாக உடைகிறது என்று வைத்துக்கொண்டால், உடைவது 90 கிராம். அதிலிருந்து 42 கிராம் ஆக்சிஜன் வரும். சாதாரண அழுத்தத்தில் அது 32 லிட்டர். அந்த 32 லிட்டர் 1.8 லிட்டர் இடுக்கில் அடைபட்டால் முதல் வருஷமே சுமார் 18 பார் ஏறும். ஐந்து வருஷத்தில் 90 பார். நம் கார் டயரில் இருப்பது இரண்டேகால் பார். வெப்பம் 10 டிகிரி கூடினால் உடையும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டறையில் மூடியில் துளை போட்டால் வேலை முடிந்தது. விண்வெளியில் துளை போட்டால், எடையில்லாமல் மிதக்கிற திரவத்தில் எது திரவம், எது வாயு என்று துளைக்குத் தெரியாது, எல்லாம் வெளியே போய்விடும். சோயுஸ் கலத்தின் இறங்கும் பகுதியில் இன்றைக்கும் பெராக்சைடு எஞ்சின்கள்தான் இருக்கின்றன. அந்தக் கலத்தைச் சுமார் 200 நாளுக்கு மேல் விண்வெளி நிலையத்தில் நிறுத்திவைக்காததற்கு அது உடைந்துகொண்டே இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

விஷமில்லை என்பதால் சாது என்று நினைக்கவும் கூடாது. 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பல் 118 பேரோடு மூழ்கியதற்குத் தொடக்கம், ஒரு டார்பிடோவிலிருந்து கசிந்த செறிவுப் பெராக்சைடு. மருந்துக்கடை பெராக்சைடை வீட்டில் காய்ச்சிச் செறிவாக்கலாம் என்று வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிற மாணவர்களுக்கு நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: வேண்டாம், அடுப்புப் பக்கம்கூடக் கொண்டுபோகாதே.

இப்போது இந்தத் துறையில் நடக்கிற வேலையின் பெரும்பகுதி எரிபொருளில்கூட இல்லை, பாத்திரத்தில். கலப்பில்லாத அலுமினியத்தை அமிலத்தில் கழுவிக் கழுவித் தொட்டி செய்வது. உள்ளே டெஃப்லான் போன்ற பிளாஸ்டிக். கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, இரும்புப் பொட்டு எதுவும் இல்லாமல் ஒரு வால்வைக் கோப்பது. இன்னொரு பக்கம், தொட்டதும் தானாகப் பற்றும் ஹைட்ரசீன் ஜோடிக்கு மாற்றாக, பெராக்சைடு பட்டதும் பற்றிக்கொள்ளும் எரிபொருள்களை ஜெர்மனியிலும் மற்ற இடங்களிலும் தேடுகிறார்கள். ஆவியாகாத உப்புத் திரவங்களில் கொஞ்சம் செம்பு உப்பைக் கரைத்துப் பார்க்கிறார்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளம் சின்ன ராக்கெட்டுகளுக்கானது. அங்கிருந்து ஏறப்போகிற இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் கடைசித் திருத்தப் பகுதியில் இப்போது இருப்பது ஹைட்ரசீன் வகைதான். தசராவுக்கு லட்சம் பேர் வேஷம் கட்டிக் கூடுகிற ஊர் அது. நிரப்புகிற வேலை எளிதானால் அந்தக் கடற்கரைக்கு நல்லது என்று நான் நினைப்பதில் ஊர்ப் பாசமும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

பெராக்சைடு உடையாமல் இருக்க வழியே இல்லையா என்றால், உண்டு. தகர உப்பு, பாஸ்பேட் மாதிரி சிலதைத் துளியூண்டு சேர்த்தால் கரைந்திருக்கும் இரும்பை அவை கட்டிப்போடும். கடையில் வாங்கும் பெராக்சைடில் அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எஞ்சினுக்குள் போனதும் அதே பொருள் வெள்ளி வலைமேல் படிந்து படிந்து வினையூக்கியைச் செயலிழக்கச் செய்துவிடும். தொட்டிக்கு நல்லது செய்தால் எஞ்சினுக்குக் கெடுதல்.

இதைத் தெப்பக்குளத்து அண்ணனிடம் சொன்னேன். அவருடைய தொட்டியிலும் அதே வேலைக்குச் சிலிக்கேட் ஊற்றுகிறார், பெராக்சைடு ஒரேயடியாகப் பொங்கி ஓடாமல் பிடித்துவைக்க. ராக்கெட் சமாசாரத்தில் அவருக்குப் பெரிய ஆர்வம் ஒன்றும் இல்லை.

"சிலிக்கேட்டா? குறைஞ்சா துணி ஓட்டையாயிரும். கூடுனா சொரசொரன்னு ஆயி சாயம் திட்டுத்திட்டாப் புடிக்கும்," என்றார். "எவ்வளவுண்ணே ஊத்துவீங்க?" என்று கேட்டேன். தொட்டிக்குள் கையை விட்டு ஒரு துணியை இழுத்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "இன்னிக்குத் தண்ணி எப்படி வருதுன்னு பாத்துத்தான்."